மாவுக் குடோன் கம்ப்யூட்டர்

நான் துளசிராம் முதலாளிக்குத் தரவேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். இதில் இருபத்து மூவாயிரத்து அறுநூறு அட்வான்ஸ் வகை. மகள் ஆர்த்திகாவின் கடைசி வருஷப் பீஸுக்கும், ஆரப்பாளையத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கியதற்கும் போனது. மிச்சம் நாற்பது, ஒருநாள் என் வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றபோது முதலாளி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதையும் நோட்டில் எழுதிவிட்டார். அவருக்கு நாற்பதும் ஒன்றுதான், நாற்பதாயிரமும் ஒன்றுதான்.

அவனியாபுரத்தில் அவருடைய மைதா, ரவை குடோனில் பதினோரு வருஷமாக நான் லோடுமேன். பெயர் வீரணன். நாற்பத்தாறு வயதில்தான் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். அதற்கு முன்னால் அந்த நோட்டில் பெருவிரல் ரேகைதான். படித்த பிறகு நான் முழுசாக வாசித்த முதல் பக்கமும் அதே நோட்டில் என் பெயர் போட்ட பக்கம்தான். வாசிக்கத் தெரியாமல் இருந்தபோது பாக்கி கொஞ்சம் குறைவாக இருந்த மாதிரி ஒரு நினைப்பு.

இப்போது கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டும். பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி தலைச்சுமை கூடாது என்று சொல்லிவிட்டார். திருநகரில் ஒரு அடுக்குமாடியில் கேட் வேலை இருந்தது. கேட்டைத் திறந்து மூட வேண்டும், வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்கள். ஒன்றாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்றார். இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் குடோன் கம்ப்யூட்டர் காலை வாரியது. அதாவது கம்ப்யூட்டர் ஓடியது, அதற்குள் இருந்த பில் புரோகிராமுக்குத்தான் வயசாகிவிட்டது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. வரிக் கணக்கைப் பழைய மாதிரியே போட்டுக்கொண்டிருந்தது. ஆடிட்டர் சத்தம் போட்டார். அதைச் செய்து கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். டவுனிலிருந்து டை கட்டிய இரண்டு பேர் வந்து பார்த்து, அறுபத்தைந்தாயிரம், அதற்கு மேல் வருஷா வருஷம் தனி என்றார்கள். முதலாளி அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வீரணா, உன் மக கம்ப்யூட்டர்தானே படிச்சிருக்கு?"

"ஆமா முதலாளி. பாஸ் பண்ணிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு. லாரி நம்பர் போடணும், மூட்டை எண்ணணும், சீட்டு வரணும். வரி சரியா விழணும். ஒரு நாள் முழுக்க நம்ம கிளார்க் ஹம்சா அதுல லோடு ஏத்திப் பார்க்கட்டும். ஒரு மூட்டை பிசகக் கூடாது. பிசகலைன்னா உன் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுர்றேன்."

என்னோடு மூட்டை தூக்குகிற சங்கிலி, பக்கத்தில் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தவன், கேட்டான். "கம்ப்யூட்டரும் புதுசு வாங்கணுமாண்ணே?"

"பழசு போதும். நல்லாத்தான் ஓடுது" என்றார் முதலாளி.

ஒன்றாம் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஆர்த்திகாவிடம் சொன்னதும் அவள் குதித்தாள். "அப்பா, இது ரெண்டு வாரத்துல முடிச்சுரலாம். எந்த டூல்கிட்ல செய்யறதுங்கறதுதான் கேள்வி."

"அது என்னம்மா?"

"திரையில பொத்தான், கட்டம், எழுத்து இதெல்லாம் வரும்ல? அதெல்லாம் நாமளே ஒண்ணொண்ணா வரைய முடியாது. ஆயத்தமா செஞ்சு வெச்சிருப்பாங்க. கொத்தனாரு செங்கல் சுடறாரா? வாங்கித்தானே கட்டுறாரு. அந்த மாதிரி. ஆனா செங்கல் கடை ஏகப்பட்டது இருக்கு. எங்க வாங்கறதுன்னு பார்க்கணும்."

"நல்ல கடையாப் பாரு."

"எல்லாமே நல்ல கடைதாம்ப்பா. அதான் கஷ்டம்."

முதலில் அவள் எடுத்தது எலக்ட்ரான். வெப்சைட் செய்கிற மாதிரியே செய்து, அதையே தனிப் புரோகிராமாக ஆக்கிவிடலாமாம். காலேஜில் வெப்சைட் செய்து பழகிய கை. ஆறே நாளில் முடித்துவிட்டாள். லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். ஊதா நிறம் மெல்ல நீலமாக மாறியது. பொத்தான்களுக்கு நிழல் விழுந்தது. லோடு முடிந்ததும் ஒரு குட்டி லாரி திரையின் குறுக்கே ஓடிப் போனது. என் சம்சாரம் சுந்தரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"நகைக்கடை மாதிரில்ல இருக்கு" என்றாள். "அந்த லாரிய இன்னொருக்கா ஓட்டு."

நான்கு தடவை ஓட்டினோம்.

மறுநாள் பென்டிரைவில் குடோனுக்குக் கொண்டு போனோம். அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசல் ஓரம் ஒரு இரும்பு மேசையில், பழைய ரவைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கீபோர்டுக்கு பாலித்தீன் உறை. மவுஸ் இருக்கிறது, ஆனால் மாவு அடைத்து அது ஒரு பக்கம்தான் நகரும். அதனால் யாரும் தொடுவதில்லை. அதன் முன்னால் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருப்பவர் ஹம்சவேணியக்கா, குடோனின் கிளார்க். முதலாளிக்குத் தூரத்து உறவு. இருவரும் எங்களுக்குத் தெரியக் கூடாத விஷயத்தை அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்ட்ராவில் பேசிக்கொள்வார்கள். பதினோரு வருஷம் மூட்டை தூக்கினால் காதுக்கும் கொஞ்சம் பாஷை வந்துவிடும். அது அவர்களுக்குத் தெரியாது.

பென்டிரைவைச் சொருகியதும் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்றது. விண்டோஸ் பழசு, புது எலக்ட்ரான் அதில் ஓடாது என்று ஆர்த்திகா முகம் சுருங்கினாள். பழைய எலக்ட்ரானைத் தேடிப் பிடித்து அதில் மறுபடி கட்டிக்கொண்டு வர இரண்டு நாள் போனது. இந்தத் தடவை திறந்தது. எப்போது திறந்தது என்றால், நாங்கள் டீ குடித்துக் கிளாஸைக் கழுவி வைத்த பிறகு.

"என்ன மாப்ள," என்றான் சங்கிலி என்னிடம், "லாரி திருமங்கலத்துல கிளம்பும்போதே இதைத் தட்டிவிட்டுரணும் போல. ரெண்டும் ஒண்ணா வந்து சேரும்."

"புரோகிராம் மேல தப்பில்ல மாமா" என்றாள் ஆர்த்திகா. "அதுக்குள்ள ஒரு முழு பிரவுசரே இருக்கு. கம்ப்யூட்டர்ல மெமரி ரெண்டு ஜிபிதான்."

லாரி எதுவும் இல்லை. சும்மா பழகிப் பார்க்க இருபது மூட்டையை உள்ளேயே இடம் மாற்றினோம். ஹம்சாக்கா ஒவ்வொன்றுக்கும் என்டரைத் தட்டினார். தட்டிய பிறகு திரையில் எண் வரக் கொஞ்சம் யோசித்தது. எண் வரவில்லையே என்று அவர் மறுபடி தட்டினார். இருபது மூட்டை போய் முடிந்தபோது திரை இருபத்தேழு என்றது. அதன் பிறகு அந்தக் குட்டி லாரி விட்டு விட்டு, நொண்டிக்கொண்டே ஓடியது.

"பிள்ளைக்கு ராசியான கை. ஏழு மூட்டை விளைஞ்சிருக்கு" என்றான் சங்கிலி.

ஹம்சாக்கா மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினார். "ஏம்மா, பார்க்க மகாலட்சுமி மாதிரி இருக்கு. ஆனா இது வேலைக்கு வந்த பொண்ணு மாதிரி இல்ல, பொண்ணு பார்க்க வந்தவுங்க மாதிரி இருக்கு. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குது."

ஆர்த்திகா சிரித்தாள். ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் போனில் வேறு டூல்கிட் தேட ஆரம்பித்தாள்.

இன்னும் பதினான்கு நாள்.

அடுத்து க்யூட்டி என்று ஒன்று. இங்கிலீஷில் எழுதுவது இரண்டு எழுத்துதான், ஆனால் உலகத்தில் பெரிய பெரிய புரோகிராம் எல்லாம் அதில் செய்கிறார்களாம். அதிலும் புதுசு இந்த விண்டோஸில் ஓடாது, பழசு ஓடும். சின்னதாக ஒன்று செய்து குடோனில் போட்டுப் பார்த்தாள். சடாரென்று திறந்தது. பார்க்கவும் பளிச்சென்று இருந்தது. நான் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் இரண்டு நாளாக லேப்டாப்பைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"சாமான் அருமையா இருக்குப்பா. ஆனா நான் எழுதுற பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் பாஷையில இதைச் சேர்த்து, ஒரு கம்பெனிக்குக் குடுக்கறதுன்னா சில நிபந்தனை இருக்கு. ஒண்ணு, நான் எழுதுன எல்லாத்தையும் திறந்து குடுக்கணும். இல்ல, காசு கட்டணும். இன்னொரு வழியும் இருக்கு, அதுக்குத் தனி நிபந்தனை. பத்துப் பக்கம் படிச்சிட்டேன். பாதி புரியுது."

"பாதி புரியலையா?"

"புரியல."

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. "அப்ப அதுல கை வைக்காத. புரியாத பத்திரத்துல நான் நெறைய ரேகை வெச்சிருக்கேன். நீ வைக்காத."

"நல்லாப் புரிஞ்சுக்கிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்கிறேன்" என்றாள். பிறகு மூன்றாவதைக் காட்டினாள். அதன் பெயர் டிகிண்டர். பைத்தானோடு கூடவே வருவது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம், யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். குடோனில் இன்டர்நெட்டும் கிடையாது, அதற்கும் இது தோது. திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் இரண்டு கட்டம், ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

சுந்தரம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது ரேஷன் கடை மாதிரில்ல இருக்கு. அந்த லாரி ஓடுறது எங்க?"

"லாரி இல்லம்மா."

"லாரி இல்லாம என்ன புரோகிராமு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குப் போய்விட்டாள்.

ஆர்த்திகாவுக்கும் மனசில்லை. இதைக் கூடப் படித்தவர்களிடம் காட்டினால் சிரிப்பார்களாம், முப்பது வருஷத்துக்கு முந்திய முகமாம். நான் சொன்னேன். "அம்மா, சும்மாடு வாங்கப் போறவன் கலர் பார்க்க மாட்டான். தலைக்கு உக்காருதா, மூட்டைக்கு உக்காருதான்னுதான் பார்ப்பான். நீ இம்புட்டு நாளும் உன் லேப்டாப்புக்கு உக்காருதான்னு பார்த்துக்கிட்டிருக்க. ஒரு நாள் லோடு ஏறும்போது வந்து நில்லு."

மறுநாள் வந்தாள். ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நின்றதில் நேரமாகிவிட்டது. அவள் வந்து சேர்ந்தபோது அறுபதாவது மூட்டை போய்க்கொண்டிருந்தது. ஹம்சாக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் பட்டது. ஹம்சாக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. முகம் வாசல் பக்கம். மூட்டை வாசல் தாண்டும்போது நாங்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்வோம், அவர் வலது கைச் சுண்டுவிரலால் என்டரைத் தட்டுவார். இடது கை மூக்குத் துணியைப் பிடித்திருக்கும். மூன்று மூச்சுக்கு ஒரு மூட்டை. இரண்டு ஆள் ஒன்றாக வந்துவிட்டால் டக் டக் என்று இரண்டு தட்டு.

"ஆன்ட்டி, தப்பாத் தட்டிட்டா என்ன செய்வீங்க?"

"அம்புக்குறி இருக்குல்ல, அதை ஒருக்கா அமுக்குனா ஒண்ணு குறையும்."

"மவுஸு?"

"அது எலிதாம்மா. மாவுக் குடோன்ல எலிய யாரு தொடுவா?"

ஆர்த்திகா நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்தச் சாம்பல் பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மவுஸே வேண்டாம், எல்லாம் சாவியில். எண் மட்டும் திரையில் பாதியை அடைக்கிற அளவுக்குப் பெரிசு, வாசலில் நிற்கிற எனக்கும் தெரிகிற மாதிரி. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒரு தட்டு விடாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 'டிக்' சத்தம். குடோனில் போட்டதும், நான் மூச்சு விடுவதற்குள் திறந்தது. ஹம்சாக்கா கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை தட்டிவிட்டுத் திறந்து பார்த்தார். நூறு.

"இதுதாம்மா வேலைக்கு வந்த பொண்ணு" என்றார்.

முதலாளி வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அன்றைக்கு நான்கு லாரி. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை ஆர்த்திகா வெறும் வயிற்றோடு வந்து, முதலாளி பக்கத்தில் உள்ளறையில் உட்கார்ந்தாள். அவர்தான் அங்கே வரி போடுகிற பக்கத்தை லேப்டாப்பில் விளக்கச் சொல்லியிருந்தார். முதல் லாரி உசிலம்பட்டிக்கு, இருநூறு மூட்டை. ஏற்றி முடித்ததும் அவள் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

சங்கிலி லாரி மேல் ஏறி அடுக்கை எண்ணினான். "இருநூறு இருக்குண்ணே! நான் வேணா இன்னொருக்கா எண்ணுறேன், ஆனா மறுக்கா ஏற மாட்டேன்."

"எங்கயோ நான் ஒண்ணு விட்டுட்டேன் போல" என்றார் ஹம்சாக்கா. ஆனால் அவர் குரலில் சந்தேகம் இருந்தது. பதினைந்து வருஷத்தில் அவர் ஒன்றும் விட்டதில்லை.

இரண்டாவது லாரி நூற்றைம்பது. திரை நூற்று நாற்பத்தொன்பது. மூன்றாவது நூற்றிருபது. திரை நூற்றுப் பத்தொன்பது.

முதலாளி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள்தான் என் பக்கம் இருந்தது. "என்னம்மா இது, லாரிக்கு ஒண்ணு முழுங்குது? நாலு லாரிக்கு நாலு மூட்டை. மாசத்துக்கு நூறு லாரி எனக்கு. நூறு மூட்டைக்கு நான் எங்க போவேன்?"

"தட்டு எல்லாம் சரியா விழுது சார்" என்றாள் ஆர்த்திகா. "நானே ஆயிரம் தடவை தட்டிப் பார்த்தேன். ஒண்ணு கூட விடல."

திருநகர் கேட் என் கண் முன்னாலேயே மூடிக்கொண்டிருந்தது. ஆனால் நான்காவது லாரி வந்து நின்றுவிட்டது. அதில் ஏற்ற வேண்டியது நூற்றெண்பது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

முதல் மூட்டையை எப்போதும் நான்தான் தூக்குவேன். என் கை ராசி என்று முதலாளியின் அப்பா காலத்துப் பேச்சு. சும்மாட்டை வைத்து, ஐம்பது கிலோ மைதாவைத் தலையில் வாங்கி, வாசலில் கால் வைத்து வழக்கம் போலச் சத்தம் கொடுத்தேன்.

"லாபம்!"

எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் மூட்டை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதால்தான் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

லாபம் சொல்லிவிட்டு நான் ஹம்சாக்காவைப் பார்க்கத் திரும்பினேன். கழுத்து திரும்பாதே, மூட்டையோடு முழுசாகத் திரும்பினேன். பின்னால் வந்த சங்கிலியின் மூக்கை மூட்டை உரசியது. அப்போது பார்த்தேன். ஹம்சாக்காவின் சுண்டுவிரல் என்டர் பக்கமே போகவில்லை. இரண்டு கையும் லாரி நம்பரை அடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா! லாபத்துக்கு நீங்க எங்க தட்டுனீங்க?"

"என்னடா?"

"லாபம்னு கத்துனேன்ல, அதுக்குத் தட்டுனீங்களா?"

"அதுக்கு எதுக்குத் தட்டணும்? லாபம்னு சொன்னா லாரி நம்பர் போடணும். ரெண்டுன்னு சொன்னாத்தான் தட்டணும். பதினஞ்சு வருஷமா..." ஹம்சாக்கா நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது.

"மாப்ள, மூட்டைய இறக்கிட்டுப் பேசு" என்றான் சங்கிலி மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

நான் இறக்கவில்லை. இறக்கினால் நினைப்பு போய்விடும் போல இருந்தது. தலையில் ஐம்பது கிலோவோடு உள்ளே பார்த்துக் கத்தினேன். "ஆர்த்திகா! உன் பெட்டி எதுலேர்ந்து எண்ண ஆரம்பிக்குது?"

"சைபர்லேர்ந்துப்பா! முதல் தட்டுக்கு ஒண்ணு!"

"பழசு?"

அவள் ஓடி வந்து அதே கம்ப்யூட்டரில் அந்தப் பழைய கறுப்புத் திரையைத் திறந்தாள். ஒரு லாரி நம்பரை அடித்தாள். நம்பர் போட்டதுமே, யாரும் எதையும் தட்டாமலே, பச்சை எழுத்தில் ஒன்று என்று நின்றது.

வெளிநாடு போன அந்த மனுஷன் இந்த ஊர்க்காரர். லாரி நம்பர் போடும்போது லாபம் மூட்டை வாசல் தாண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹம்சாக்காவின் கைக்கும் தெரிந்திருக்கிறது. வாய்க்குத்தான் தெரியவில்லை. ஆர்த்திகா வந்து பார்த்த அன்றைக்கோ, லாபம் போய் ஐம்பத்தொன்பது மூட்டை தாண்டிவிட்டது.

"இதுக்கு இப்ப வீட்டுக்குப் போகணுமா?" என்றார் முதலாளி. "அன்னைக்கு அந்தப் பளபளப்புப் புரோகிராமுக்கு ரெண்டு நாள் ஆச்சே. லாரி நிக்குது."

"இல்ல சார். அதைத் திரும்ப முழுசாக் கட்டிக் கொண்டு வரணும். இது வெறும் எழுத்துதான், இங்கயே திருத்தலாம்."

நோட்பேடில் திறந்தாள். கீழே கீழே தள்ளினாள். ஒரு இடத்தில் சைபரை அழித்துவிட்டு ஒன்று போட்டாள். இன்னும் ஏதோ ஒரு வரி சேர்த்தாள். மூடினாள், திறந்தாள். நான்கு நிமிஷம் இருக்கும். அதற்குள் மூட்டையை நான் இறக்கிவிட்டேன். கழுத்து கெஞ்சியது.

"இம்புட்டுத்தானா?" என்றார் முதலாளி.

"இம்புட்டுத்தான் சார்."

மறுபடி மூட்டையைத் தலையில் வாங்கினேன். "லாபம்!" ஹம்சாக்கா லாரி நம்பரை அடித்தார். திரையில் பாதியை அடைத்துக்கொண்டு எழுத்து வந்தது. எண் இல்லை. வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டி வாசித்தேன். லாபம். சங்கிலி "ரெண்டு" என்றான். டிக். இரண்டு.

நூற்றெண்பது மூட்டையும் போய் முடிந்தபோது திரையில் நூற்றெண்பது இருந்தது. டிரைவர் கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் முதலாளி நோட்டைத் திறக்கவில்லை. "ஒரு மூட்டை பிசகக் கூடாதுன்னு பேச்சு. மூணு பிசகிருச்சே வீரணா" என்றார்.

அப்போது ஹம்சாக்கா எழுந்தார். சௌராஷ்ட்ராவில் ஆரம்பித்தார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். லாபம் உன் அப்பா காலத்திலிருந்தே இங்கே உள்ள பழக்கம், அந்தப் பிள்ளையிடம் நீ சொன்னாயா, நான் சொன்னேனா. டவுன்காரனுக்கு அறுபத்தைந்தாயிரம் கொடுத்திருந்தால் அவன் லாரிக்கு ஒன்று வீதம் முழுங்கிவிட்டு, அதைச் சரி செய்யத் தனி பில் அனுப்பியிருப்பான். இந்தப் பிள்ளை உன் கண் முன்னால் நான்கு நிமிஷத்தில் செய்தது. அதன் பிறகு முதலாளியின் சின்ன வயசைப் பற்றி ஏதோ ஒன்று சொன்னார். அது எனக்குப் புரியவில்லை. ஆனால் முதலாளி காது சிவந்து உடனே நோட்டைத் திறந்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தால் பாஷை தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

"சரி சரி" என்றார் முதலாளி தமிழில். "மூணு சீட்டையும் கையால திருத்திரு ஹம்சா. ஏம்மா ஆர்த்திகா, என் மச்சினன் ரவா மில்லுக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும்ங்கிறான். அவன் காசு குடுப்பான். என்னை மாதிரி இல்ல."

"அங்க முதல் மூட்டைக்கு என்ன சொல்வாங்க சார்?" என்றாள் ஆர்த்திகா.

"போய் நின்னு பாரு. முதல் மூட்டைக்கு முந்தியே போயிரு."

பக்கத்தைக் கிழிக்க விரலை வைத்தவர் நிறுத்தினார். "வீரணா, இதுல அட்வான்ஸ் இருபத்து மூவாயிரத்து அறுநூறு. அதான் பேச்சு. நாப்பது ரூவா உனக்குப் பெட்ரோலுக்கு என் பையிலேர்ந்து குடுத்தது. அது அட்வான்ஸ் இல்ல."

ஹம்சாக்கா தலையில் அடித்துக்கொண்டார். சங்கிலி, "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று கும்பிட்டான்.

எனக்கு அது பிடித்திருந்தது. மகள் கட்டியது மகள் கணக்கு, என்னுடையது என்று நாற்பது ரூபாய் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. இடுப்புப் பையில் தேடினேன். ஒரு இருபது, இரண்டு பத்து. மாவு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக் கொடுத்தேன். முதலாளி எண்ணினார்.

"திருநகர் போனாலும் வெள்ளிக்கிழமை வந்து லாபம் மூட்டைய மட்டும் வெச்சிட்டுப் போயேன்" என்றார்.

"அதை மூட்டை இல்லாமச் சொல்லிட்டுப் போறேன் முதலாளி."

அவர் பக்கத்தைக் கிழித்து என்னிடமே கொடுத்தார். கிழிக்கும் முன்னால் ஹம்சாக்கா அதன் மேல் குறுக்கே எழுதியிருந்தார். நான் அதை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் வாசித்தேன். தேதி, என் பெயர், இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது, அதன் குறுக்கே பெரிதாக: பைசல்.